காலி எடையில் சேர்த்தி

— நின்றுபோன இஞ்சினோடு வானத்திலிருந்து இறங்கி வந்து, மண்ணில் கால் ஊன்றிப் பேசுகிற மனிதனை உங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்ப்பீர்கள், வாத்தியாரே. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

— பாத்துட்டேங்க ஐயா. கொஞ்சம் அந்தக் காலை மட்டும் எடுங்க. நீங்க ஊன்றி நிக்கிறது என் நாலாவது லைன். இப்பத்தான் போட்ட சுண்ணாம்பு, இன்னும் காயல.

— சுண்ணாம்பா! இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கின்றன. நீங்கள் சுண்ணாம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

— நாளைக்கு எங்க பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் போட்டிங்க. சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் ஓட வருதுங்க. உங்க விமானம் மூணு லைனைக் குறுக்க மறிச்சு, ஒரு சக்கரத்தை நீளம் தாண்டற மணல் குழிக்குள்ள விட்டுக்கிட்டு நிக்குது. நான் விசில் ஊதினேனே, காதுல விழலையா?

— வானத்திலிருந்து வருகிறவனைப் பார்த்து விசில் ஊதினீர்களா?

— பழக்கதோஷங்க. யாராவது லைனை மிதிச்சா கை தானா விசிலுக்குப் போயிடும். மேடம், நீங்களாவது சொல்லுங்க. ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினா இது நகருமா?

— நகரும் மாஸ்டர், லேசான வண்டிதான். ஆனா விசாரணை அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் தள்ளக் கூடாது. போன் பண்ணிட்டேன், கார்ல கிளம்பிட்டாரு. அவர் எழுதி முடிச்சதும் நாமளே தள்ளி ஓரமா விட்டுடலாம்.

— அப்படி என்னத்தை எழுதுவாரு?

— ரெண்டே விஷயம். யார் ஓட்டினா, ஏன் நின்னுச்சு.

— முதல் கேள்விக்கு விசாரணையே வேண்டாம். ஓட்டியவன் நான். என் பெயரைப் போட்டு, பெயருக்கு முன்னால் 'நீதிபதி' என்றும் போட்டுக்கொள்ளட்டும். 'ஓய்வு பெற்ற' என்பது வேண்டாம். இடம் அடைக்கும்.

— நீதிபதிங்களா ஐயா? அதான் இறங்கும்போதே கையைத் தூக்கி எல்லாரையும் அமைதியா இருக்கச் சொன்னீங்க போல.

— முப்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். ஓய்வு பெற்ற மறுநாளே விமானத்தில் ஏறிவிட்டேன். இவள் என் மனைவியின் தங்கை. எங்கள் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சியாளர். இந்த மாதம் தலைமைப் பயிற்சியாளர் ஆகப் போகிறவள். அப்பேர்ப்பட்டவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால், ஓட்டியவன் கை எப்பேர்ப்பட்ட கை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

— ஆமா மாஸ்டர். அத்தான்தான் ஓட்டினாரு, அத்தான்தான் இறக்கினாரு. நான் சும்மா கூட வந்தேன். என் பேரு எங்கயும் வரணும்னு அவசியமே இல்ல.

— அடக்கம்! எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு அது பிறவியிலேயே வந்தது. வாத்தியாரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குத் தலைவர் தேர்தல். எனக்கு எதிராக ஒரு பல் டாக்டர் நிற்கிறார். ஊர் ஊராகப் போய் என்ன சொல்கிறார் தெரியுமா? 'நீதிபதி விமானம் வாங்கினார், ஆனால் ஓட்டத் தெரியாது, சும்மா ஏறி உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்கிறார்' என்கிறார். அந்தப் பேச்சு இன்றோடு செத்தது. உங்கள் மைதானத்திலேயே அதைப் புதைத்துவிட்டேன்.

— இன்னொரு குழியா! வேணாங்க ஐயா, இருக்கற குழியை ரொப்பவே எனக்கு நாளைக்கு மணல் வேணும்.

— உவமையாகச் சொன்னேன்.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. கப்பல்ல எல்லாம் கேப்டன்தான் கடைசியா இறங்குவாருன்னு சொல்வாங்க. இது நின்ன உடனே முதல்ல குதிச்சது ஐயாதான். மேடம் ரொம்ப நேரம் உள்ளயே இருந்தாங்க.

— கதவு என் பக்கம் இருந்தது.

— இதுக்கு ஒரே கதவுதான் மாஸ்டர். யாராவது ஒருத்தர் முதல்ல இறங்கித்தானே ஆகணும். நான் உள்ள சுவிட்ச் எல்லாம் அணைச்சுட்டு வந்தேன். அத்தான், முதல் கேள்வி முடிஞ்சுது. ரெண்டாவதைப் பாப்போம். ஏன் நின்னுச்சுன்னு அதிகாரி கேட்டா என்ன சொல்லுவீங்க?

— இஞ்சின் கோளாறு. தீர்ப்பு முடிந்தது. சாட்சிகள் போகலாம்.

— போகக் கூடாது. அவர் வந்ததும் முதல்ல பெட்ரோலைத்தான் பாப்பாரு. 'டேங்க்ல பெட்ரோல் இருந்துச்சா'ன்னு கேப்பாரு.

— இருக்கிறது! கேட்கட்டும்! வாத்தியாரே, நீங்கள் திடகாத்திரமான ஆள். இந்த இறக்கையின் முனையைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். என்ன கேட்கிறது?

— சலக் சலக்னு கேக்குதுங்க ஐயா. உள்ள ஏதோ இருக்கு.

— ஏதோ என்ன, பெட்ரோல்! காதால் கேட்ட சாட்சி கிடைத்துவிட்டது. சின்னவளே, இனி என்ன சொல்லப் போகிறாய்?

— அந்த சலக் சலக்தான் அத்தான் பிரச்சினையே. மாஸ்டர், இந்தக் கண்ணாடிக் குப்பியைப் பிடிங்க. இறக்கைக்கு அடியில குனிஞ்சா ஒரு சின்னக் குமிழ் தெரியும் பாருங்க. குப்பியை அதுல வெச்சு மேல அழுத்துங்க.

— அட, நீலமா வருதுங்க! பேனா மை மாதிரி.

— அந்தப் பெட்ரோல் அப்படித்தான் இருக்கும். மத்த பெட்ரோலோட குழம்பிடக் கூடாதுன்னு சாயம் போட்டிருப்பாங்க.

— கண்ணால் கண்ட சாட்சியும் கிடைத்துவிட்டது. சான்றுப் பொருள் ஒன்று, ஒரு குப்பி நீலப் பெட்ரோல். டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறது, இஞ்சின் நின்றிருக்கிறது. ஆகவே குற்றவாளி இஞ்சின். அதைச் செய்த தொழிற்சாலை உடந்தை.

— அத்தான், இதை அதிகாரிகிட்ட சொன்னா மனுஷன் சிரிச்சுடுவாரு. இது இருந்தும் இல்லாத பெட்ரோல்.

— இது என்ன வேதாந்தம்?

— வேதாந்தம் இல்ல, குழாய் வேலை. மொட்டை மாடியில தண்ணித் தொட்டி இருக்குல்ல? அதுல குழாயை அடியோட அடியா வெக்க மாட்டாங்க. நாலு விரல் மேல தள்ளித்தான் வெப்பாங்க. இல்லேன்னா அடியில தங்கற மண்ணு, பாசி எல்லாம் குழாய்ல வரும். அந்த நாலு விரல் தண்ணி எப்பவும் தொட்டியிலயே கிடக்கும். வீட்டுக்குள்ள வரவே வராது.

— மேடம், எங்க பள்ளிக்கூடத்துத் தொட்டியும் அதே கதைதாங்க! மேல ஏறி எட்டிப் பாத்தா தண்ணி இருக்கும். கீழ திறந்தா காத்துதான் வரும். பிள்ளைங்க மூஞ்சி பூரா சோப்பு நுரையோட என்னையே பாத்துக்கிட்டு நிக்கும். தலைமையாசிரியர்கிட்ட போய்ச் சொன்னா, 'மேல தண்ணி இருக்கே வாத்தியாரே'ன்னு சொல்வாரு.

— அந்தத் தலைமையாசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

— இருக்காதா பின்னே. மாஸ்டர், தொட்டியாவது ஒரே இடத்துல நிக்குது. இந்த டேங்க் பறக்குது. மூக்கைத் தூக்கி ஏறும், குனிஞ்சு இறங்கும், ஒருக்களிச்சுத் திரும்பும். டேங்க் நிறைய இருக்கும்போது எப்படிச் சாஞ்சாலும் கவலை இல்ல. அடிமட்டத்துக்கு வந்தப்புறம், சாயற பக்கமெல்லாம் பெட்ரோல் ஓடிடும். குழாய் வாய்க்குக் காத்துதான் கிடைக்கும். காத்தைக் குடிச்சா இஞ்சின் நின்னுடும். அதனால, எப்படிச் சாஞ்சாலும் நிச்சயமாக் கிடைக்கும்னு சொல்ல முடியாத கடைசி நாலு லிட்டரை, விமானம் பண்றவங்களே சோதிச்சுப் பாத்து, 'பயன்படாத பெட்ரோல்'னு தனியா ஒதுக்கிடுவாங்க. மிச்சம்தான் பயன்படற பெட்ரோல். எவ்வளவு தூரம் போகலாம்ங்கற கணக்கை அதுல மட்டும்தான் போடணும்.

— ஓ, புரிஞ்சுபோச்சு. பைக்ல ரிசர்வ் இருக்குமே, அது மாதிரி!

— ஆஹா! ரிசர்வ்! வாத்தியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதிகாரியிடம் நானும் அதையே சொல்கிறேன்.

— ஐயோ, அதைச் சொல்லிடாதீங்க அத்தான். ரிசர்வ்னா அவசரத்துக்கு எடுத்துக்கறது. எடுக்க முடியும், எடுத்தா வண்டி ஓடும். இது அவசரத்துக்கும் ஆகாது. சில சமயம் நேராப் போய்க்கிட்டு இருந்தா கொஞ்சம் வரும். லேசாத் திரும்பினா வராது. நம்பி நடுவானத்துல நிக்க முடியுமா? கைக்காவலா ஏதாவது வேணும்னா, அதையும் பயன்படற பெட்ரோல்லேர்ந்துதான் எடுத்து வெச்சுக்கணும்.

— ஆட்சேபணை! டேங்க் என்னுடையது. ஊற்றியது என் செலவில். இருப்பது என் இறக்கையில். என் பொருளை நான் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல அந்தத் தொழிற்சாலைக்கு என்ன அதிகாரம்? அனுபவ உரிமை என்று ஒன்று இருக்கிறது. இதே போன்ற வழக்கில் ஒருவனுடைய கிணற்றுக்குப் போகப் பாதை வாங்கிக் கொடுத்தவன் நான்.

— பாதை வாங்கிக் கொடுத்தீங்க சரி அத்தான். கிணத்துல தண்ணி இருந்துச்சா?

— அது வழக்கில் கேட்கப்படவில்லை.

— கேளுங்க, இன்னொண்ணும் சொல்லிடறேன். அதிகாரி கண்டிப்பா இதைக் கேப்பாரு. விமானத்துக்குக் காலி எடைன்னு ஒண்ணு உண்டு. அந்தக் காலி எடையில இந்த நாலு லிட்டரும் சேர்த்தி.

— காலி என்றால் காலி. பெட்ரோல் இருந்தால் அது காலி இல்லை. எந்த அகராதியை வேண்டுமானாலும் கொண்டு வா.

— அகராதியை விடுங்க. அது எப்படியும் உள்ளயேதான் கிடக்கப் போகுது, இஞ்சினுக்கு வரப் போறதில்ல. அதனால சக்கரம், சீட்டு, கதவு மாதிரி அதையும் உடம்போட சேர்த்துட்டாங்க. இப்படி வெச்சுக்கோங்களேன். எங்க வீட்டு மூத்த மாப்பிள்ளை இருக்காருல்ல?

— யார், நானா?

— ஒரு பேச்சுக்குத்தான். வீட்டுல எத்தனை பேர்னு எண்ணும்போது அவர் சேர்த்தி. பந்தியில உக்காரும்போதும் சேர்த்தி. யாராவது ஒரு கை பிடிங்கன்னு கூப்பிட்டா மட்டும் சேர்த்தி இல்ல. அதான் பயன்படாத பெட்ரோல்.

— இப்பத்தாங்க மேடம் எனக்குச் சுத்தமாப் புரிஞ்சுது!

— இதையெல்லாம் உன் அக்காதானே சொல்லிக்கொடுத்தாள்?

— அக்கா சொன்னா இவ்வளவு மரியாதையாச் சொல்ல மாட்டா அத்தான்.

— நீதிமன்ற அவமதிப்பு. இருந்தாலும் உறவுமுறையை முன்னிட்டு மன்னிக்கிறேன். ஒரு குறுக்கு விசாரணை. டேங்க்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முன்னால் ஒரு முள் இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருந்தது?

— பயன்படறது தீர்ந்ததும் முள்ளு பூஜ்யத்துக்கு வந்துடும். உள்ள நாலு லிட்டர் இருந்தாலும் பூஜ்யம்தான் காட்டணும். அப்படித்தான் வெச்சிருக்காங்க.

— இருப்பதை இல்லை என்கிறது! முப்பது வருடத்தில் இவ்வளவு துணிச்சலான பொய்ச்சாட்சியை நான் கண்டதில்லை.

— பொய் இல்ல அத்தான். 'உள்ள என்ன இருக்கு'ன்னு அது சொல்ல வரல. 'உனக்கு என்ன கிடைக்கும்'னு சொல்லுது. பூஜ்யம்.

— பாவங்க ஐயா. நாலு லிட்டரைச் சுமந்துக்கிட்டே திரியணும், ஆனா தொடக் கூடாது. எனக்கே வருத்தமா இருக்கு.

— வருத்தப்பட்டு என்ன பயன், வாத்தியாரே? போராட வேண்டும்! என் இறக்கை, என் பெட்ரோல்! நான் தலைவரானால் முதல் தீர்மானம் இதுதான். கடைசிச் சொட்டு வரை உறுப்பினருக்கே உரிமை! பல் டாக்டரால் இப்படி ஒரு வாக்குறுதி கொடுக்க முடியுமா?

— கொடுக்க மாட்டாரு. கொடுத்தா கிளப்புல இருக்கற அத்தனை விமானமும் வரிசையா இந்த மைதானத்துலதான் வந்து இறங்கும்.

— ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அந்த வாக்குறுதி மட்டும் வேணாங்க. வேணும்னா அந்தப் பல் டாக்டர் வீட்டு வாசல்ல இறங்கச் சொல்லுங்க.

— இருங்கள். எனக்கு ஒன்று உறுத்துகிறது. சின்னவளே, பயன்படுகிற பெட்ரோல் தீர்ந்ததால்தான் நின்றது என்றால், இஞ்சின் நிரபராதி ஆகிறது. தொழிற்சாலையும் நிரபராதி. கடைசியில் குற்றம் ஓட்டியவன் தலையில் வந்து விழுகிறதே?

— விழாது அத்தான். உக்காந்து யோசிச்சுப் பாருங்க. பக்கத்து ஊர் உறுப்பினருங்களைப் பாத்து ஓட்டுக் கேட்டோம், அவங்க விருந்தே வெச்சுட்டாங்க, சாப்பிட்டுட்டுக் கிளம்பினோம். எதிர்க்காத்து நினைச்சதைவிடப் பலம். நேரம் ஆச்சு, பெட்ரோல் கூடக் குடிச்சுது. டேங்க்ல மொத்தம் எவ்வளவு கொள்ளுமோ அதை அப்படியே வெச்சு நீங்க கணக்குப் போட்டுட்டீங்க, பயன்படாததையும் சேர்த்து. ரொம்பப் பேர் பண்ற தப்புதான்.

— ரொம்பப் பேர் செய்வதா? நான் தப்புச் செய்தால் தனியாகத்தான் செய்வேன். கூட்டத்தோடு சேர்ந்து செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

— சரி, தனியாவே செஞ்சீங்க. அது தம்மாத்தூண்டு தப்பு. அதுக்கு எதிர்ல, இஞ்சின் இல்லாம ஒரு விமானத்தை ஒரு கீறல் இல்லாம பள்ளிக்கூட மைதானத்துல இறக்கியிருக்கீங்க. அதிகாரி எதைப் பெருசா எழுதுவாரு? கிளப்புல எதைப் பேசுவாங்க?

— ம்… பிழை சிறிது, வீரம் பெரிது. இந்த வாதம் ஏற்கத்தக்கது. மனிதன் என்றால் ஒரு சிறு பிழை இருக்கத்தான் வேண்டும். குறையே இல்லாத தலைவனுக்கு மக்கள் பயந்துவிடுவார்கள்.

— என் பசங்களும் அப்படித்தாங்க. ஓடும்போது ஒரு தடவை விழுந்து எழுந்து ஜெயிச்சவனுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி.

— வாத்தியாரே, உங்களைப் பார்த்தால் அதிகாரி போலவே மிடுக்காக இருக்கிறீர்கள். ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம். நீங்கள் கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன்.

— நானா? சரிங்க. ஒரு நிமிஷம், தொப்பியை நேரா வெச்சுக்கறேன். ம்ம்… யாருய்யா இந்த விமானத்தை ஓட்டினது?

— 'ஐயா' என்று கேட்க வேண்டும். 'யாருய்யா' என்று கேட்கக் கூடாது.

— மன்னிச்சுக்கோங்க. ஐயா, ஓட்டினது யாருங்க?

— அடியேன்.

— நின்னுபோச்சுன்னு தெரிஞ்சதும் முதல்ல என்ன பண்ணீங்க?

— முதலில்… நிலைமையைக் கேட்டறிந்தேன்.

— யார்கிட்டங்க?

— கருவிகளிடம்.

— அதாவது மாஸ்டர், முள்ளுங்களைப் பாத்தாருன்னு சொல்றாரு. அத்தான், 'மூக்கை லேசா இறக்கி வேகத்தைப் பிடிச்சேன், இறங்க இடம் தேடினேன்'னு சொல்லுங்க.

— மூக்கை இறக்கினேன். வேகத்தைப் பிடித்தேன். இடம் தேடினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

— எங்க மைதானம் எப்படிங்க கண்ணுல பட்டுச்சு? அந்தப் பக்கம் பெரிய மரம் வரிசையா நிக்குதே, அதைத் தாண்டி வந்தீங்களா, சுத்தி வந்தீங்களா?

— அந்த நேரத்தில் மரம், செடி எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தால் தாவரவியல் படித்திருப்பேன், வாத்தியாரே.

— சுத்தித்தான் வந்தோம் மாஸ்டர். மரத்துக்கு இடப்பக்கமா ஒரு வட்டம் போட்டு, கட்டடத்துக்குப் பின்னால உயரத்தைக் குறைச்சு, கோல் கம்பத்தை ஒட்டி உள்ள வந்தோம். எனக்கு எல்லாம் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது.

— கூட உக்காந்து பாத்தவங்களுக்கே இவ்வளவு ஞாபகம் இருக்கு! சரிங்க ஐயா, கடைசிக் கேள்வி. டேங்க்ல பெட்ரோல் இருக்கு, ஆனா இஞ்சின் நின்னுச்சு. எப்படிங்க?

— அருமையான கேள்வி. கேளுங்கள், அதிகாரி அவர்களே. பெட்ரோல் இருவகைப்படும். பயன்படுவது, பயன்படாதது. பயன்படாதது டேங்க்கின் அடியில் கிடக்கும். எப்படிச் சாய்ந்தாலும் கிடைக்கும் என்று நம்ப முடியாதது. அதை ரிசர்வ் என்று நினைப்பவன் மூடன். அது இருக்கும்போதே முள் பூஜ்யம் காட்டும், அதுதான் முறை. அது விமானத்தின் காலி எடையில் சேர்த்தி. பறக்கிற கணக்கில் சேர்த்தி இல்லை. நீங்கள் இந்தக் குப்பியில் பார்ப்பது அதுதான்.

— அடேங்கப்பா! பாடம் நடத்தற மாதிரியே இருக்குங்க.

— பிரமாதம் அத்தான். இதையே அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்துக்கூட மாத்தாதீங்க.

— நான் எப்போதும் சொல்வதுதானே. இந்த அடிப்படைகூடத் தெரியாமல் சிலர் விமானம் ஓட்டுகிறார்கள். தலைவரானதும் இதைப் பற்றி உறுப்பினர்களுக்கு ஒரு சொற்பொழிவு நிகழ்த்தப் போகிறேன். பல் டாக்டரை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். என்ன வாத்தியாரே, எங்கே போகிறீர்கள்? நான் இன்னும் முடிக்கவில்லை.

— இதோ வந்துடறேங்க ஐயா. அதிகாரி வர்றதுக்குள்ள மணல் எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு பாத்துக்கறேன். அடப்பாவமே, ரெண்டு கூடை மணலாவது தேவைப்படும். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்… மேடம்! இந்தப் பக்கம் ஏதோ சொட்டுதுங்க. மணல் பூரா நீலமா இருக்கு.

— எந்தப் பக்கம்?

— சக்கரம் குழியில இறங்கியிருக்கற பக்கம். வலது இறக்கை. அடியில ஒரு சின்னக் குழல் இருக்கே, அதுலேர்ந்து சொட்டுச் சொட்டா விழுது. இதுக்குள்ளயும் டேங்க் இருக்குங்களா?

— ரெண்டு இறக்கையிலயும் ஒவ்வொண்ணு மாஸ்டர். ஆனா அது சொட்டாதே. ரொம்ப நிறைஞ்சிருந்து சாஞ்சாத்தான் அந்தக் குழல் வழியா வெளிய வரும். அதுலயும் எல்லாம் தீர்ந்திருக்கணும்.

— மேல ஒரு மூடி இருக்கு. திறந்து பாக்கட்டுமா?

— வேணாம், அதிகாரி வந்து…

— திறந்துட்டேங்க. ஐயோ! வாய் வரைக்கும் தளும்புதே! என் மூஞ்சியே தெரியுது உள்ள.

— சின்னவளே, அதுவும் பயன்படாத பெட்ரோல்தானே?

— …இல்ல அத்தான்.

— வாய் வரை என்கிறாரே. அதில் எவ்வளவு பயன்படாதது?

— அதுலயும் அடியில அதே நாலு லிட்டர்தான். மேல இருக்கறது பூரா… பயன்படறது.

— அவ்வளவும்?

— அவ்வளவும்.

— வீடு போய்ச் சேர்ந்திருக்கலாமா?

— போய்ச் சேர்ந்து, இன்னொரு தடவை ஓட்டுக் கேக்கக் கிளம்பியிருக்கலாம்.

— பிறகு அந்த இஞ்சினுக்கு என்ன கேடு? பக்கத்திலேயே இவ்வளவு வைத்துக்கொண்டு ஏன் குடிக்கவில்லை?

— ஒரு நேரத்துல ஒரு டேங்க்லேர்ந்துதான் குடிக்கும் அத்தான். சீட்டுக்கு முன்னால, காலுக்குப் பக்கத்துல ஒரு கைப்பிடி இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இடதுலேர்ந்து வலதுக்கு, வலதுலேர்ந்து இடதுக்குத் திருப்பிக்கிட்டே வரணும். இஞ்சின் நின்னாலும் முதல் வேலையா அதைத்தான் திருப்பணும்.

— அதை யார் திருப்ப வேண்டும்?

— ஓட்டறவங்க.

— ஓட்டுகிறவர்களா.

— ஆமா. கிளப்புல முதல் நாள் பாடமே அதுதான்.

— மேடம், உள்ள எட்டிப் பாத்தேன். கைப்பிடி 'இடது'ன்னு எழுதியிருக்கற பக்கமே நிக்குதுங்க.

— இருக்காது மாஸ்டர். நல்லாப் பாருங்க. நான் திருப்பினேனே!

— நீங்களா?

— அதாவது… அத்தான் திருப்பச் சொன்னாரு… நான் திருப்பறதா… கிளம்பும்போதே மனசுல வெச்சிருந்தேன். ஆத்தைத் தாண்டினதும் திருப்பணும்னு. ஆத்தைப் பாத்தேனே. பாத்துட்டு…

— எனக்கு ஒண்ணும் புரியலைங்க. ஐயாதானே ஓட்டினாரு?

— ஆமா. அத்தான்தான். சந்தேகமே வேணாம்.

— அதோ, கேட்டுக்குள்ள கார் வந்துடுச்சு. அதிகாரிதான் போல. ரெண்டாவது லைன் மேல ஏத்தறாரு பாருங்க, யோவ்! லைன், லைன்!

— அத்தான், இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமையை மனசுல வெச்சுக்கோங்க. பல் டாக்டர் என்னென்ன பேசுவாருன்னு நினைச்சுப் பாருங்க. ஓட்டினது நீங்க, இறக்கினது நீங்க. அந்த நாலு லிட்டர் கதையையும் சொல்லுங்க, அழகாத்தான் சொன்னீங்க.

— ஒரு பக்கம் முழு டேங்க்கை வைத்துக்கொண்டு மறு பக்கம் நாலு லிட்டரைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினேன் என்று ஞாயிற்றுக்கிழமை பேசுவார்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

— என் பதவி போயிடும் அத்தான்.

— என் தலைவர் பதவி?

— சார், வாங்க, வாங்க! இந்தப் பக்கம். பாத்து வாங்க, சுண்ணாம்பு. விமானத்தை ஓட்டினது இந்த ஐயாதாங்க. பெரிய நீதிபதி. எல்லாம் தெளிவாச் சொல்வாரு, கேட்டுக்கோங்க.

— இல்லைங்க சார். ஓட்டினது இவதான். நான் சாப்பிட்டுட்டுப் பின்சீட்டுல தூங்கிட்டு வந்தேன். இஞ்சின் சத்தம் நின்னதும்தான் முழிச்சேன்.